வெந்நீரில் முட்டை இறுகுகிறது, பட்டுநூல் மாறாமல் இருக்கிறது: இரண்டும் புரதம்தானே?

கேள்வி: மல்பெரி வரப்பு, பாலக்கோடு

அனைவருக்கும் வணக்கம். பாலக்கோட்டுக்கு அருகில் இரண்டு ஏக்கரில் மல்பெரி வைத்துப் பதினோரு ஆண்டுகளாகப் பட்டுப்புழு வளர்த்து வருகிறேன். கூட்டைத் தருமபுரி அங்காடியில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டால் என் வேலை முடிந்துவிடும் என்பதால், அதற்குப் பிறகு அந்தக் கூடு எந்தத் தொட்டியில் வெந்து எப்படி நூலாகிறது என்று நான் அக்கறையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் சென்ற வாரம் உயிரி மூலக்கூறுகள் பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது கேட்ட கேள்வி என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

புரதத்தைச் சூடாக்கினால் அதன் வடிவம் கலைந்து இயல்பிழந்துவிடும் என்று பாடத்தில் உள்ளது; அதற்கு எடுத்துக்காட்டாக அவித்த முட்டையைச் சொல்லியிருக்கிறார்கள். பட்டும் புரதம் என்று அதே பாடம் சொல்கிறது. அப்படியிருக்க, கூட்டைக் கொதிநீரில் போட்டு வேகவைத்து எடுத்த பிறகும் பட்டு ஏன் இறுகிக் கட்டியாகாமல், கரைந்தும் போகாமல், நூலாகவே இருக்கிறது என்று கேட்டாள். பருத்தியைப் போல இதுவும் நார்தானே, ஒருவேளை பட்டு முழுவதும் புரதமாக இருக்காது என்று நான் சொல்லிப் பார்த்தேன், அவள் ஏற்கவில்லை.

அன்று இரவு வீட்டில் களி கிண்டிக்கொண்டிருந்தபோது அடுத்த கேள்வி வந்தது: கேழ்வரகு மாவும் வெந்நீர் பட்டதும் இறுகுகிறதே, அதுவும் முட்டை இறுகுவதும் ஒன்றா? இரண்டுக்கும் தெளிவான விளக்கம் கிடைத்தால் அவளிடம் அப்படியே படித்துக் காட்டுவேன்.


மறுமொழி: கரும்பலகை, தருமபுரி

ஐயா, வணக்கம். முப்பத்திரண்டு ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கேள்வியை என்னிடம் ஒரு மாணவரும் கேட்டதில்லை. இத்தனைக்கும் என் வகுப்புகளில் பாதிப் பிள்ளைகள் புழு வளர்க்கும் வீடுகளிலிருந்து வந்தவர்கள்.

முதலில் உங்கள் ஐயத்தைத் தீர்த்துவிடுகிறேன். பட்டு முழுக்கப் புரதமே. பருத்தி செல்லுலோஸ், அதாவது குளுக்கோஸ் அலகுகளால் ஆன நார். பட்டு அமினோ அமிலங்களால் ஆன நார். நார் என்பது ஒரு பொருளின் வடிவத்தைச் சொல்லும் பெயரே ஒழிய, அது எதனால் ஆனது என்பதைச் சொல்லும் பெயரன்று.

இனி சூட்டுக்கு வருவோம். ஒரு புரதத்தில் இரண்டு வகைக் கட்டு உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து நீண்ட சங்கிலியாக்கும் பெப்டைடு பிணைப்பு முதலாவது. அந்தச் சங்கிலி எப்படி மடிய வேண்டும், சுருள வேண்டும் என்பதை நிலைநிறுத்தும் ஹைட்ரஜன் பிணைப்புகளும், நீரை வெறுக்கும் பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் போக்கும் இரண்டாவது. முதல் கட்டு மிக வலிமையானது. ஆய்வகத்தில் ஒரு புரதத்தைத் தனித்தனி அமினோ அமிலங்களாக உடைக்க வேண்டுமானால், அடர்ந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 110 பாகை செல்சியஸில் ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் வைக்க வேண்டும். ஆகவே உங்கள் அடுப்பிலோ நூற்பாளரின் தொட்டியிலோ அந்தச் சங்கிலி அறுவது கிட்டத்தட்ட இல்லை. கலைவதெல்லாம் இரண்டாவது கட்டு மட்டுமே. அது கலைந்தால் என்ன நேரும் என்பது, அந்தப் புரதம் அதுவரை எந்த வடிவத்தில் இருந்தது என்பதைப் பொறுத்தது.

முட்டையின் வெள்ளைக்கருவில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நீர், பத்தில் ஒரு பங்கு புரதம். அந்தப் புரதத்தில் பாதிக்குச் சற்று அதிகமாக இருப்பது ஓவால்புமின். 385 அமினோ அமிலங்களைக் கொண்ட அதன் சங்கிலி, நீரை வெறுக்கும் பகுதிகளையெல்லாம் உள்ளே மறைத்துக்கொண்டு, நீரை விரும்பும் பகுதிகளை வெளியே காட்டியபடி உருண்டையாகச் சுருண்டிருக்கிறது. உருண்டைகள் ஒன்றையொன்று தொடாமல் நீரில் மிதப்பதால்தான் பச்சை வெள்ளைக்கரு கண்ணாடிபோல் தெளிவாகவும் வழவழப்பாகவும் உள்ளது. சூடு ஏறும்போது உருண்டை அவிழ்கிறது. உள்ளே மறைந்திருந்த பகுதிகள் வெளிப்பட்டு, பக்கத்தில் அவிழ்ந்து கிடக்கும் வேறொரு சங்கிலியைப் பற்றிக்கொள்கின்றன. ஆயிரமாயிரம் சங்கிலிகள் இப்படிச் சிக்கிக்கொண்டு ஒரு வலையாகி, இருந்த நீரையெல்லாம் தம் கண்ணிகளுக்குள் அடைத்துக்கொள்கின்றன. ஒளி ஊடுருவ முடியாமல் சிதறுவதால் வெண்மையாகத் தெரிகிறது. வெள்ளைக்கருவில் உள்ள வேறு சில புரதங்கள் 60 பாகையைத் தாண்டியதுமே அவிழத் தொடங்கிவிட, ஓவால்புமின் ஏறத்தாழ 80 பாகை வரை தாக்குப்பிடிக்கிறது. அரைவேக்காட்டு முட்டை என்ற ஒன்று சாத்தியமாவதே இந்த இடைவெளியால்தான்.

பட்டுநூலின் மையப் புரதத்துக்கு ஃபைப்ராயின் என்று பெயர். அதன் பெரிய சங்கிலியில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் இருந்தாலும், அவற்றில் பெரும்பகுதி கிளைசின், அலனின், செரின் என்ற மூன்றே. அதிலும் நெடுந்தொலைவுக்குக் கிளைசின், அலனின், கிளைசின், அலனின், கிளைசின், செரின் என்ற வரிசைதான் திரும்பத் திரும்ப வருகிறது. அதாவது ஒன்று விட்டு ஒன்று கிளைசின். இருபது அமினோ அமிலங்களில் மிகச் சிறியது அதுதான். சங்கிலியின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் அதன் பக்கத்தொகுதி வெறும் ஒரு ஹைட்ரஜன் அணு. இத்தகைய சங்கிலி சுருளாமல் நன்றாக நீண்டு கிடக்கும். பக்கத்தில் இன்னொன்று, அதன் பக்கத்தில் மற்றொன்று என்று பாய்க்கோரைகள்போல் அடுக்கிக்கொண்டு, ஒவ்வொன்றும் அடுத்ததை ஹைட்ரஜன் பிணைப்புகளால் வரிசையாகப் பற்றிக்கொள்ளும். இப்படி உருவாவதைத்தான் பாடநூல் பீட்டா மடிப்புத் தாள் என்கிறது. லைனஸ் பாலிங்கும் ராபர்ட் கோரியும் 1951இல் இந்த அமைப்பை முன்வைத்தார்கள். துருத்திக்கொண்டிருக்கும் பெரிய பக்கத்தொகுதிகள் இல்லாததால், ஒரு தாளின் மேல் அடுத்த தாள் நெருக்கமாகப் படிகிறது. அந்த நெருக்கத்துக்குள் நீர் மூலக்கூறு நுழைவதற்கு இடமில்லை. நீர் நுழையாத இடத்தில் கொதிநீரால் ஒன்றும் செய்ய இயலாது.

உங்கள் மகள் இதை வேறு விதமாகவும் எண்ணிப் பார்க்கலாம். அவித்த முட்டையை நுட்பமாக ஆராய்ந்தால், அவிழ்ந்த சங்கிலிகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் இடங்களில் சிறுசிறு பீட்டா தாள்கள் தோன்றியிருப்பது தெரியும். முட்டை சூட்டினால் தாறுமாறாக எட்டுகிற அந்த நிலையை, உங்கள் வளர்ப்பு மனையில் உள்ள புழு சூடே இல்லாமல் ஒழுங்காக எட்டிவிடுகிறது. முற்றிய புழுவின் பட்டுச் சுரப்பிக்குள் ஃபைப்ராயின் பிசுபிசுப்பான திரவமாகவே இருக்கிறது. முற்காலத்தில் அந்தச் சுரப்பியை எடுத்துக் காடியில் ஊறவைத்து இழுத்துத் தூண்டில் நரம்பு செய்ததுண்டு. கூடு கட்டுவதற்காக வைக்கும் சந்திரிகைத் தட்டில் ஏறிய புழு தலையை எட்டுப் போடுவதுபோல் ஆட்டி ஆட்டி அந்தத் திரவத்தை வாய்த்துளை வழியே இழுக்கிறது. குறுகலான பாதையில் இழுபடுவதாலும், போகிற வழியில் நீர் குறைந்து அமிலத்தன்மை சிறிது கூடுவதாலும், சங்கிலிகள் நீண்டு வரிசைப்பட்டுத் தாள்களாகி விடுகின்றன. ஏற்கெனவே வெந்து முடிந்த புரதத்தை மறுபடி வேகவைத்தால் அது மாறுவதற்கு என்ன இருக்கிறது?

மூன்றாவதாக ஒரு புரதத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் இது முழுமையாகும். ஆட்டுக்காலை நெடுநேரம் கொதிக்கவைத்தால் சவ்வும் தசைநாணும் காணாமல் போய்ச் சாறு பிசுபிசுக்கிறது, ஆறியதும் கட்டியாகிறது, மீண்டும் அடுப்பில் வைத்தால் உருகுகிறது. அது கொலாஜன். அதில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் இருக்கும். பட்டில் இரண்டுக்கு ஒன்று, கொலாஜனில் மூன்றுக்கு ஒன்று. இந்தச் சிறு வேறுபாட்டால் முன்னது பாயாகப் படிகிறது, பின்னது மூன்று புரிகள் கொண்ட கயிறாக முறுக்கிக்கொள்கிறது. கயிற்றின் அச்சில் மூன்று புரிகளும் நெருங்கும் இடத்தில் கிளைசினைத் தவிர வேறெதற்கும் இடம் போதாது. இந்த மூன்று புரி அமைப்பைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த கோ. நா. இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் வெளியிட்டார்கள் என்பதை நான் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் சற்று உரக்கவே சொல்லுவேன். நீடித்த கொதிப்பில் அந்தக் கயிறு புரி பிரிந்து நீரில் கரைகிறது, அதுதான் ஜெலட்டின். ஆறும்போது ஆங்காங்கே மறுபடியும் முறுக்கிக்கொள்ளப் பார்ப்பதால் சாறு உறைகிறது.

ஆக, கொதிநீர் ஒன்றுதான். ஒரு புரதம் இறுகுகிறது, ஒன்று கரைகிறது, ஒன்று அசையவில்லை. தேர்வில் முட்டையை எழுதினால் மதிப்பெண் கிடைக்கும், அதில் தவறில்லை. ஆனால் உருண்டை வடிவப் புரதம், நார் வடிவப் புரதம் என்று பாடத்தில் இரண்டே வரிகளில் கடந்துபோகும் பாகுபாட்டை அந்த இடத்தில் அவள் சேர்த்து எழுதினால், திருத்துகிறவர் நிமிர்ந்து உட்காருவார்.


மறுமொழி: நூற்புக் கொட்டகை, தருமபுரி

ஆசிரியர் ஐயா சொன்னதைப் படித்துவிட்டு, முப்பது ஆண்டுகளாக நான் அன்றாடம் கண்ணால் பார்ப்பதற்குக் காரணம் இதுதானா என்று வியந்தேன். ஆனால் தொட்டி அருகில் நிற்கும் எங்களுக்குப் பாதி விவரம் விட்டுப்போனதாகத் தோன்றுகிறது. கூட்டில் ஒரு புரதம் இல்லை, இரண்டு இருக்கின்றன. மையத்தில் ஃபைப்ராயின், அதைச் சுற்றிப் பசை. அந்தப் பசையின் பெயர் செரிசின். வெந்நீரில் அசையாமல் இருப்பது முன்னது மட்டும், பின்னது இளகுகிறது. இளகாவிட்டால் எங்களுக்கு வேலையே இல்லை.

புழுவுக்குப் பட்டுச் சுரப்பி இரண்டு. ஆகவே வெளியே வருவது இரட்டை இழை. இரண்டையும் பசை சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. கூட்டின் சுவர் முழுவதும் ஒரு சுற்றை அடுத்த சுற்றோடு ஒட்டவைத்திருப்பதும் அதே பசைதான். நல்ல வெண்பட்டுக் கூடு ஒன்றில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு அறுபடாத இழை உண்டு. வேகவைக்கும்போது பசை முழுவதையும் கரைத்துவிடக் கூடாது. இழை சுற்று சுற்றாக விட்டுக்கொடுக்கும் அளவுக்கு இளக்கினால் போதும். வேக்காடு குறைந்தால் இழை கூட்டிலிருந்து பிரியாமல் அறும். மிகுந்தால் ஒரே நேரத்தில் பல சுற்றுகள் கழன்று கொத்தாக வந்து கழிவாகும். எட்டுப் பத்துக் கூடுகளின் இழைகளைச் சேர்த்து இழுக்கும்போது, மிச்சமிருக்கும் பசை ஆறி மறுபடியும் இறுகுவதால்தான் அவை ஒரே கச்சா நூலாக ஒட்டிக்கொள்கின்றன. எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. அதைக் கொண்டு வேகவைத்தால் பசை சரியாக இளகாது. அதற்காகவே நீரை மென்மையாக்கிப் பயன்படுத்துகிறோம்.

கூடு கொடுக்கும் விவசாயிகளில் பலர் மஞ்சள் கூட்டைப் பார்த்து, அந்த நூலில் நெய்த சேலையும் மஞ்சளாக இருக்குமா என்று கேட்பார்கள். மஞ்சள் பெரும்பாலும் பசையில்தான் இருக்கிறது. சாயம் போடுவதற்கு முன்பு சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் நூலின் பசையை நீக்கும்போது, எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கும் நிறமும் சேர்ந்தே போய்விடும். காஞ்சிபுரத்து நெசவாளர் கைக்குப் போகிற பளபளப்பு அதன் பிறகு வருவது.

பட்டு நாரா புரதமா என்ற உங்கள் ஐயத்துக்குக் கொளுத்திப் பார்ப்பதே போதும். பருத்தி நூல் காகிதம்போல் மணந்து மெல்லிய சாம்பலாகும். பட்டு நூல் மயிர் கருகும் வாடை வீசி, நுனியில் கருமணியாகச் சுருண்டு, விரலால் நசுக்கினால் பொடியாகும்.

ஆசிரியரிடம் எனக்கும் ஒரு கேள்வி உண்டு. அங்காடியில் ஓட்டை விழுந்த கூட்டை ஒதுக்கிவிடுவோம். உள்ளே புழுவிலிருந்து உருமாறிய பூச்சி இழையைக் கடித்து அறுத்துவிட்டது என்பதே எல்லோரும் சொல்லும் காரணம். ஆனால் அந்தப் பூச்சிக்கு எதையும் தின்னும் வாயே இல்லை என்றும் சொல்கிறார்கள். அப்படியானால் எதைக் கொண்டு கடிக்கிறது?


மறுமொழி: கரும்பலகை, தருமபுரி

நல்ல கேள்வி ஐயா. செரிசினை நான் விட்டது தவறுதான். அதில் செரின் மிகுதி, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. செரினின் பக்கத்தொகுதியில் நீரை ஈர்க்கும் ஹைட்ராக்சில் இருப்பதாலும், சங்கிலிகள் ஃபைப்ராயின் அளவுக்கு இறுகப் படியாததாலும் வெந்நீர் உள்ளே புகுந்துவிடுகிறது. புழு தன் சுரப்பியின் பின்பகுதியில் ஃபைப்ராயினையும் நடுப்பகுதியில் செரிசினையும் சுரக்கிறது. பின்னாலிருந்து முன்னோக்கி வரும் இழைக்கு நடுவழியில் பசை பூசப்படுகிறது.

பூச்சி கடிப்பதில்லை. கூட்டை விட்டு வெளியேறும் நேரத்தில் அது கொக்கூனேஸ் என்ற நொதியைச் சுரந்து கூட்டின் ஒரு முனையை நனைக்கிறது. அதுவும் ஒரு புரதமே; நம் குடலில் உள்ள டிரிப்சினைப் போன்றது. சங்கிலியில் லைசின் அல்லது ஆர்ஜினின் இருக்கும் இடத்தில் மட்டும் பெப்டைடு பிணைப்பை வெட்டும் இயல்புடையது. செரிசினில் அத்தகைய இடங்கள் கிடைக்கின்றன. ஃபைப்ராயினின் கிளைசின், அலனின் தொடர்களில் அவை அறவே இல்லை எனலாம், இருந்தாலும் நொதி நுழைய அங்கே வழியும் இல்லை. பசை கரைந்ததும் பூச்சி இழைகளை விலக்கிக்கொண்டு வெளியே வருகிறது; அந்த நெருக்கடியில் இழைகள் கலைந்து சில அறுவதால் உங்களுக்கு அந்தக் கூடு பயன்படாமல் போகிறது. நீங்கள் கொதிநீரால் செய்வதைப் பூச்சி குளிர்ந்த நீர்த்துளியால் செய்கிறது.


மறுமொழி: கிளிமூக்கு, கிருஷ்ணகிரி

வணக்கம் அண்ணா. கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழக்கூழ் ஆலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். களியைப் பற்றிய கேள்வியை யாரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன்.

முட்டை இறுகுவதும் களி இறுகுவதும் ஒன்றல்ல. கேழ்வரகு மாவில் பெரும்பகுதி ஸ்டார்ச். கண்ணுக்குத் தெரியாத மணிகளாக, குளுக்கோஸ் சங்கிலிகள் இறுக அடுக்கப்பட்ட நிலையில் அது இருக்கிறது. பச்சைத் தண்ணீரில் மாவைக் கரைத்து வைத்தால் சிறிது நேரத்தில் அடியில் படிந்துவிடுவது, மணிக்குள் நீர் புகாததன் அடையாளம். ஏறத்தாழ 70 பாகையை நெருங்கும்போது மணியின் உட்கட்டு தளர்ந்து, நீரை உறிஞ்சிப் பல மடங்கு உப்புகிறது. நேராக இருக்கும் அமைலோஸ் சங்கிலிகள் வெளியே கசிந்து நீரெங்கும் பரவுகின்றன. துடுப்பு போட்டுக் கிண்டும்போது கை வலிப்பது, உப்பிய மணிகள் ஒன்றையொன்று நெருக்குவதால்தான். முட்டையில் சங்கிலிகள் அவிழ்ந்து ஒட்டிக்கொள்கின்றன. களியில் மணிகள் நீர் குடித்துப் பருக்கின்றன. மீந்த களி உருண்டை மறுநாள் காலையில் விறைத்திருப்பது, ஆறும்போது அந்தச் சங்கிலிகள் மறுபடியும் ஒன்றோடொன்று அணைந்துகொள்வதால். அதைச் சூடாக்கினால் ஓரளவு இளகிக்கொடுக்கும். அவித்த முட்டையை எத்தனை முறை சூடாக்கினாலும் பழைய வெள்ளைக்கரு திரும்பி வராது. இந்த ஒரு வேறுபாட்டை வைத்தே இரண்டும் வேறு வேறு நிகழ்வுகள் என்று உங்கள் மகள் நிறுவலாம்.

கேழ்வரகு வைக்கோலின் நாரும் இதே குளுக்கோஸால் ஆனதுதான், ஆனால் அதை மாடு தின்கிறது, நாம் தின்பதில்லை. ஸ்டார்ச்சில் ஆல்ஃபா முறையில் கோத்த அலகுகள் வளைந்து சுருள்கின்றன. நம் உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் அவற்றை வெட்டும். செல்லுலோஸில் பீட்டா முறையில் ஒன்று விட்டு ஒன்று திரும்பி நிற்பதால் சங்கிலி நேராகி, பக்கத்துச் சங்கிலியோடு ஹைட்ரஜன் பிணைப்பால் கட்டுண்டு நாராகிறது. ஆசிரியர் ஃபைப்ராயினுக்குச் சொன்ன அதே பாய் அடுக்குதான். கோரை மட்டும் வேறு. மாட்டின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிரிகளால் அதை உடைக்க முடியும். நம்மாலும் முடியாது, உங்கள் பட்டுப்புழுவாலும் முடியாது. மல்பெரி இலையின் புரதத்தையும் சர்க்கரையையும் எடுத்துக்கொண்டு நாரை எச்சமாகத் தள்ளிவிடுகிறது அது. தட்டில் சேரும் கழிவு அத்தனை கனமாக இருப்பதற்கு அது முக்கியமான காரணம்.

எங்கள் ஆலைக் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெங்களூரா என்கிற கிளிமூக்கு மாம்பழத்தைக் கூழாக்கியதும் அடுத்த வேலை சூடாக்குவது. நுண்ணுயிரிகளைக் கொல்வதற்காக மட்டும் அன்று. பழத்திலேயே உள்ள நொதிகள் கூழிலும் வேலையைத் தொடர்ந்துகொண்டே இருக்கும். கூழுக்குக் கெட்டித்தன்மை தரும் பெக்டினை உடைத்து நீர்க்கச் செய்யும், நிறத்தைக் கெடுக்கும். நொதிகள் உருண்டை வடிவப் புரதங்கள். அவற்றின் வேலையெல்லாம் மடிப்பில் அமைந்த ஒரு சிறு குழியில் நடக்கிறது. மடிப்புக் கலைந்தால் குழி இல்லை, குழி இல்லாவிட்டால் வேலையும் இல்லை. பெராக்சிடேஸ் என்ற நொதி சூட்டை மிகவும் தாங்கக்கூடியது என்பதால், அது செத்துவிட்டதா என்று பார்ப்போம்; குவையகாலும் ஹைட்ரஜன் பெராக்சைடும் விட்டால் செம்பழுப்பு நிறம் வரக் கூடாது. வேடிக்கை என்னவென்றால், அரைகுறையாகச் சூடாக்கிய கூழில் அன்று வராத நிறம் சில நாள் கழித்து வருவதுண்டு. அவிழ்ந்த சங்கிலி தனித்துக் கிடந்தால் தானாகவே பழைய வடிவத்துக்கு மடிந்துவிடும். ரைபோநியூக்ளியேஸ் என்ற நொதியில் இதை நிறுவியதற்காகவே கிறிஸ்டியன் அன்ஃபின்சன் 1972இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். வெள்ளைக்கருவில் கூட்ட நெரிசல் மிகுதி. அவிழ்ந்த சங்கிலி திரும்பி மடிவதற்குள் பக்கத்துச் சங்கிலி பிடித்துக்கொள்கிறது.


மறுமொழி: மல்பெரி வரப்பு, பாலக்கோடு

அனைவருக்கும் நன்றி. எல்லாவற்றையும் மகளிடம் படித்துக் காட்டினேன். பூச்சி கடிப்பதில்லை என்பது எனக்கே புதிய செய்தி. பதினோரு ஆண்டுகளாக அது கடிக்கிறது என்றே மற்றவர்களிடம் சொல்லி வந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் சும்மா இருக்கவில்லை. ஒதுக்கிய ஓட்டைக் கூடுகளை வெட்டி, உள்ளே இருந்த தோலையும் தூசையும் நீக்கி, நகைக்கடை வைத்திருக்கும் உறவினரிடம் பத்து கிராம் நிறுத்து வாங்கி வந்தாள். துணி சோடாவும் சோப்பும் கலந்த நீரில் முக்கால் மணி நேரம் கொதிக்கவைத்து, மூன்று முறை அலசி, நிழலில் உலர்த்தி மறுபடி நிறுத்தால், ஏழு கிராமும் சில்லறையும் இருந்தது. கூட்டின் சுவர் பஞ்சுபோல் பிரிந்து, முன்பு இல்லாத ஒரு மினுமினுப்பு வந்திருந்தது. கொதிக்கவைத்த நீர் ஆறியதும் தொட்டால் வழவழவென்று இருந்தது. அதில் செரிசின் இருக்கிறது என்று சொல்லி அதைக் கொட்டவும் விடவில்லை.

அவளுக்கு இப்போது ஒரே சிக்கல். மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. அதே பட்டை மாலையில் நிறுத்தபோது எடை சற்றுக் கூடியிருந்தது. நூல் நனையவில்லை, கையால் தொட்டால் உலர்ந்தே இருந்தது. நீர் உள்ளே நுழையாது என்றுதானே ஆசிரியர் சொன்னார், பிறகு எடை எங்கிருந்து வந்தது என்று கேட்கிறாள்.


மறுமொழி: நூற்புக் கொட்டகை, தருமபுரி

இதற்கு நானே பதில் சொல்லிவிடுகிறேன். எங்கள் தொழிலில் பணம் போகிற இடமே இதுதான். பட்டு காற்றின் ஈரத்தைக் குடிக்கும். கச்சாப் பட்டை எடைபோட்டு விற்கும்போது, முற்றிலும் உலர்ந்த எடைமேல் 11 விழுக்காடு ஈரம் இருப்பதாகக் கணக்கிட்டுத்தான் விலை பேசுவது வழக்கம். அந்த அளவு ஈரம் இருந்தாலும் கைக்குத் தெரியாது.

நீர் நுழையாதது தாள்களாக அடுக்கிய பகுதிக்குள் மட்டும் என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன். தவறானால் ஆசிரியர் ஐயா திருத்தட்டும். ஓர் இழை முழுவதும் அப்படி அடுக்கிக் கிடப்பதில்லை. இடையிடையே ஒழுங்கற்ற பகுதிகள் உண்டு, பெரிய பக்கத்தொகுதிகள் உள்ள அமினோ அமிலங்கள் அங்கேதான் இருக்கின்றன. ஈரம் தங்குவதும், சாயம் பற்றுவதும், நூல் சற்று நீண்டுகொடுப்பதும் அந்த இடங்களில்தான்.

மகளிடம் சொல்லுங்கள்: கொதிக்கவைப்பதற்கு முன்னும் பின்னும் கூட்டை ஒரே சூட்டில் நன்றாக உலர்த்தி, ஆறியதும் மூடிய டப்பாவிலேயே வைத்து உடனே நிறுக்க வேண்டும். முதல் முறை உலர்த்தாமல் நிறுத்திருந்தால், அவள் பசை என்று கணக்கிட்டதில் கொஞ்சம் வெறும் ஈரமாக இருக்கலாம்.


மறுமொழி: கரும்பலகை, தருமபுரி

திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. அவள் எடுத்து வைத்திருக்கும் அந்த நீரில் இரண்டு சொட்டை ஒரு சோதனைக் குழாயில் விட்டு, பள்ளி ஆய்வகத்தில், புரதம் இருக்கிறதா என்று காட்டும் பையூரட் சோதனை செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஊதா நிறம் வர வேண்டும். சோப்பு கலந்திருப்பதால் நிறம் மங்கலாகலாம். சோடாவும் சோப்பும் இல்லாமல் வெறும் நீரில் இன்னும் சில கூடுகளை ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து அந்த நீரை எடுத்துச் சென்றால் ஐயமில்லாமல் தெரியும்.